உறவு உண்டா என்று கேட்டார்கள்

தெற்கு டக்கோட்டா
22 ஜூன் 1995

அன்புள்ள நார்வல்,

தொலைபேசியில் நான் கத்துவதும், நீங்கள் "யாரு, யாரு" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவதும் போதும். இனிமேல் எழுதுகிறேன். பதினான்கு மைல் தூரத்துக்குக் கடிதமா என்று தபால்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

இந்த வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். தேவாலயத்தின் நூறாம் ஆண்டு ஊர்வலம். குதிரை வண்டிக்குப் பின்னால், வேலியோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது நீங்கள்தான். உங்களுக்குப் பின்னால் சாலையோர நிலம் பாய் விரித்த மாதிரி தெரிகிறது. ரேயின் மனைவி என் காதருகே வந்து, "நார்வல் கடைசில வெட்டிட்டாரு பாத்தியா, இப்பதான் அது ஒரு மனுஷனோட நிலம் மாதிரி இருக்கு" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் இளைத்துப் போயிருக்கிறீர்கள். அந்தச் சட்டையின் கழுத்தில் இன்னொருவரும் நுழையலாம்.

இங்கே ஆடுகளுக்கு மயிர் கத்தரித்து முடித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை அரசாங்க விவசாய அலுவலகத்தில் கமிட்டிக் கூட்டம். மைலோ வழக்கம்போல எல்லா பிஸ்கட்டையும் தின்று தீர்த்தார். நீங்கள் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டு என்னை உட்கார வைத்த நாற்காலி முதுகுக்கு நல்லதல்ல என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் வந்தால் கோர்டன் போய் ஆறு வருடம். கல்லறைக்கு நீங்களும் வருவீர்கள்தானே. உங்கள் தம்பிக்கு நான் தனியாகப் பூ வைத்தால் அவருக்குப் பேச்சுத் துணை இருக்காது.

ருபார்ப் ஜாம் இரண்டு பாட்டில் தபால்காரரிடம் கொடுத்திருக்கிறேன். தின்பதற்கு. அலமாரியில் அடுக்குவதற்கு அல்ல.

மாறாத அன்புடன்,
லவோன்


27 ஜூன் 1995

லவோனுக்கு,

படம் கிடைத்தது. அதில் நிற்பது நானில்லை, என் அப்பா. எனக்கு அவ்வளவு வயதாகவில்லை.

ஏன் வெட்டினேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். ஊர்வலத்துக்கு முந்தின வாரம் காபிக் கடையில் மைலோ எல்லோருக்கும் கேட்கும்படி, அதாவது எனக்கே கேட்கும்படி, "என்னப்பா நார்வல், இந்த வருஷம் தபால்பெட்டி எப்படி வெளைஞ்சிருக்கு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பெட்டிக்குத்தானே அரசாங்கக் காசோலை வருகிறது, உழாமல் இருப்பதற்காக. ஒன்பது வருடமாகக் கேட்கிற கேலிதான். எண்பத்தாறில் நூற்றறுபது ஏக்கரையும் உழாமல் புல்லாக விடுகிறேன் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தபோது, ஒரு பக்கம் மேட்டு மண் காற்றில் போய்க்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் வங்கிக்காரன் வந்துகொண்டிருந்தான். மைலோவுக்கு அது நினைவிருக்காது.

சாலையோரத்து நாற்பது ஏக்கரில் முட்செடி கன்றுக்குட்டி உயரம் நின்றது. நானூறு பேர் அந்த வழியாக வரப்போகிறார்கள். நான் செத்துவிட்டேன் என்றோ, குடிக்க ஆரம்பித்துவிட்டேன் என்றோ நினைப்பார்கள். டிராக்டரை எடுத்தேன். பாதி முடிந்திருக்கும், கத்தியில் ஏதோ தட்டின மாதிரி இருந்தது. இறங்கிப் பார்த்தேன். காட்டுக்கோழி. பெட்டை. நாம் வருகிறோம் என்று தெரிந்தும் முட்டையை விட்டு எழுந்திருக்காது அது. கால் இரண்டும் இல்லை. உயிர் இருந்தது. கீழே பதினொரு முட்டை.

அதை முடித்துவிட்டு, கத்தியை மேலே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மீதிப் பாதியை வெட்டவில்லை. படத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஜாம் தின்றேன். சர்க்கரை குறைவு.

நார்வல்


12 ஜூலை 1995

அன்புள்ள நார்வல்,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

நேற்றுக் கூட்டம் முடிந்ததும் அலுவலகத்து ஷெரில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் மேசைமேல் அந்தப் பத்திரிகைப் படம் இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் உங்கள் ஒப்பந்த எண். "பறவைங்க குஞ்சு பொரிக்கிற காலம் முடியறவரைக்கும், ஆகஸ்ட் ஒண்ணாம் தேதிவரைக்கும் வெட்டக்கூடாதுன்னு எல்லாருக்கும் தாள் அனுப்பினோமே. படத்துக்குக் கீழ தேதி போட்டிருக்கு, லவோன். நான் இதைப் பாக்காத மாதிரி இருக்க முடியாது" என்றாள்.

நார்வல், அதே படத்தை நான் கத்தரித்து உறையில் போட்டு உங்களுக்கு அனுப்பினேன். மாதத்துக்கு ஒரு முறை அந்த மேசையில் உட்கார்ந்து இதே விதியை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிறவள் நான். வெட்டிய நிலத்தைப் பார்த்தேன், சீராக இருக்கிறது என்று நினைத்தேன். தேதி என் மண்டையில் உறைக்கவே இல்லை. நாம் எல்லோரும் இப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறோம் போல. களை தெரிந்தால் வெட்கம், வெட்டினால் நிம்மதி.

உங்களுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வரும். ஆகஸ்ட் எட்டாம் தேதி கமிட்டி விசாரிக்கும். ஒப்பந்தத்தை முறித்துவிட வேண்டும் என்பது அலுவலகத்தின் முடிவு. அப்படியானால் ஒன்பது வருடம் வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அது நிலத்தின் விலைக்கே வந்துவிடும் என்று உங்களுக்கே தெரியும். கமிட்டி மனது வைத்தால், வெட்டிய ஏக்கருக்கு மட்டும் அபராதம் போட்டு ஒப்பந்தத்தை விட்டுவைக்கலாம். நாங்கள் மூன்று பேர். மைலோ, ரே, நான்.

இன்னொன்று. விசாரணைக்கு வந்தவர் கமிட்டியில் இருக்கும் யாருக்காவது உறவு என்றால், அந்தக் கமிட்டிக்காரர் வெளியே போய்விட வேண்டும். ஷெரில் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். அண்ணன் தம்பியின் மனைவி உறவு என்று இருக்கிறது. தம்பி இறந்து போயிருந்தால் என்ன என்று எதுவுமே இல்லை. "நீங்க என்ன சொல்றீங்களோ அதையே எழுதிக்கிறேன்" என்றாள்.

இதற்குமேல் இதைப் பற்றி நான் உங்களுக்கு எழுதக்கூடாது. இவ்வளவு எழுதியதே அதிகம்.

லவோன்


21 ஜூலை 1995

லவோனுக்கு,

பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தபால்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேனாவைக் கொடுத்தார். பெட்டியில் இந்த வருட விளைச்சல் இதுதான்.

விதி எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாள் சமையலறை இழுப்பறையில்தான் இருக்கிறது. டிராக்டரில் ஏறும்போது அது ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நீ எதையும் எழுதக்கூடாது என்றாய். நான் எழுதலாம். ரே நல்லவன், அவன் விட்டுவிடுவான். மைலோ விட மாட்டான். ஆகவே எல்லாம் உன்னிடம் இருக்கிறது. அவர்கள் உன்னைப் பார்த்து "உறவு உண்டா" என்று கேட்பார்கள். நீ "இல்லை" என்று சொல். ஒரே சொல். ஒவ்வொரு வசந்தத்திலும் விதை விற்க வருகிறவனிடம் சொல்வதுதானே.

அது பொய்யும் இல்லை. உன்னையும் என்னையும் சேர்த்தவன் ஆறு வருடமாக மண்ணுக்குக் கீழே இருக்கிறான். நமக்குள் ஒரு சொட்டு ரத்தம்கூட ஒன்றில்லை. எந்த நீதிமன்றத்திலும் சொல்லலாம்.

நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அது உனக்குத் தெரியும்.

நார்வல்


30 ஜூலை 1995

அன்புள்ள நார்வல்,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

எட்டாம் தேதி நீல நிறச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகப் பேசுங்கள். காது கேட்காததால் நீங்கள் பேசும்போது கத்துகிறீர்கள், அறிமுகமில்லாதவர்கள் அதைக் கோபம் என்று நினைப்பார்கள். காட்டுக்கோழியைப் பற்றிச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தியதைச் சொல்லுங்கள். அது கெஞ்சுவது ஆகாது.

இரண்டு நாளாக இங்கே மழை. வெட்டிப் போட்ட தீவனம் எல்லாம் நனைந்துவிட்டது. நாய் துரத்திய மாதிரி என்று சொல்வார்களே, அப்படி ஒரு ஓட்டம் ஓடியும் பயனில்லை.

லவோன்


9 ஆகஸ்ட் 1995

லவோனுக்கு,

நேற்று என்ன பார்த்தேன் என்று எழுதுகிறேன். எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

மைலோ உன் பக்கம் திரும்பி வாயை அசைத்தான். நீ ஏதோ சொன்னாய். ரே ஏதோ சொன்னான். நீ இன்னும் ஏதோ சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாய். என் நாற்காலியைத் தாண்டித்தான் போனாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. கோழியைப் பற்றிச் சொல்லவில்லை. காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டு யார் கோழியைப் பற்றிப் பேசுவது. ரே எனக்குச் சாதகம், மைலோ எதிர். ஆளுக்கொன்று. ஆளுக்கொன்றானால் அலுவலகத்தின் முடிவே நிற்கும் என்று ஷெரில் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள், நான் காது கேட்காதவன் என்பதால் பெரிய எழுத்தில்.

அந்த நாற்காலிக்காக அறுபத்தொரு வீட்டுக்குப் போனேன். சில வீட்டில் என்னை நாய் கடிக்க வந்தது. உனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாய். உன் பேர் கெடாது. நல்லது.

கல்லறைக்கு இந்த வருடம் நான் வரவில்லை. நீ போ.

நார்வல் ரஸ்டாட்


12 ஆகஸ்ட் 1995

அன்புள்ள நார்வல்,

நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதினீர்கள். காதில் விழாததை நான் எழுதுகிறேன்.

மைலோ கேட்டார்: "இந்த விஷயத்துல வந்திருக்கறவர் உனக்கு உறவா, லவோன்?"

நான் சொன்னேன்: "ஆமா. என் வீட்டுக்காரரோட அண்ணன்."

ரே சொன்னார்: "கோர்டன் போய் ஆறு வருஷமாச்சேம்மா. உக்காரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நான் சொன்னேன்: "உங்களுக்கு ஆறு வருஷம், ரே."

பிறகுதான் பையை எடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பேன். அதனால் பார்க்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து நீங்கள் பேசியது முழுவதையும் கேட்டேன். அந்தக் கட்டடத்தில் எல்லோருமே கேட்டிருப்பார்கள். "எம்மேல தப்புதான், நிலத்து மேல தப்பில்ல" என்று சொன்னீர்கள். உங்களுக்கு நினைவில்லை என்றதால் எழுதுகிறேன். அதைவிட நன்றாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

நார்வல், நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்லை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். ஆட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு சொல்லிப் பார்த்தேன். கோர்டன் செத்த வாரம் ஊரில் எல்லோரும் என்னை "பாவம்" என்றார்கள். நீங்கள் ஒருவர்தான் வந்து, "நம்ம தீவனம் நனையுதே, வா" என்றீர்கள். அந்த "நம்ம"வைப் பிடித்துக்கொண்டுதான் நான் இங்கே தங்கினேன். இல்லையென்றால் என் அம்மா ஊருக்குப் போயிருப்பேன். மைலோ கேட்டபோது நான் "இல்லை" என்று சொல்லியிருந்தால், உங்கள் நிலம் இருந்திருக்கும். எனக்கு இந்த ஊரில் யார் இருந்திருப்பார்கள்?

முழுவதும் அன்பினால் செய்தேன் என்று சொன்னால் அதுவும் சரியாக இருக்காது. பயமும் இருந்தது. குடும்பத்துக்கு ஓட்டுப் போட்டாள் என்று பேசுவார்கள் என்ற பயம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னை மாற்றிவிடுவீர்கள் என்று சொல்லவில்லை. அது என் தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

கல்லறைக்குப் போனேன். உங்கள் பங்குப் பூவையும் நானே வைத்தேன்.

உங்கள் தம்பி மனைவி,
லவோன்


26 செப்டம்பர் 1995

அன்புள்ள நார்வல்,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை தபால்காரரைக் கேட்கிறேன். "போட்டேம்மா, மறுநாள் பெட்டி காலியாத்தான் இருந்துச்சு, எடுத்துக்கிட்டாரு" என்கிறார். அப்படியானால் படிக்கிறீர்கள்.

மாநில அலுவலகத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். இந்த மாதம் முப்பதாம் தேதி கடைசி நாள். விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பெயர், ஒப்பந்த எண், நிலத்தின் விவரம் எல்லாவற்றையும் நானே நிரப்பிவிட்டேன். கோழியைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், பிடிக்காவிட்டால் அடித்துவிடுங்கள். கீழே ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன். இனி நான் உங்களுக்காக எங்கே வேண்டுமானாலும் வந்து பேசலாம், யாரும் எழுந்து போகச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வண்டி வாசலில் நின்றது. கதவைத் தட்டினேன். உங்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். ஜன்னல் திரை அசைந்ததைக் காற்று என்று வைத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போடுங்கள், நார்வல். என்மேல் கோபம் இருக்கட்டும். கோபத்துக்கும் கையெழுத்துக்கும் சம்பந்தமில்லை.

லவோன்


19 நவம்பர் 1995

அன்புள்ள நார்வல்,

உங்கள் நிலத்தை ஏலம் விட்ட அன்று நான் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வந்தேன். சாலையின் மறுபக்கம் வண்டிக்குள்ளேயே இருந்தேன். நீங்கள் வேலியோரமாக நின்றீர்கள். ஏலக்காரர் விலையைச் சொல்லச் சொல்ல நீங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும் யாரோ உங்கள் தோளைத் தொட்டுத்தான் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது.

வாங்கியவர் பக்கத்து மாவட்டத்துக்காரர். நேற்று அந்த வழியாகப் போனேன். தரை உறைவதற்குள் உழுதுவிட்டார். நீங்கள் வெட்டாமல் விட்ட பாதி எது, வெட்டிய பாதி எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் கறுப்பு. மேட்டின் உச்சியிலிருந்து புழுதி கிளம்ப ஆரம்பித்திருக்கிறது.

டவுனில் வயதானவர்களுக்கான குடியிருப்பில் இடம் கேட்டிருக்கிறீர்கள் என்று ரே சொன்னார். என் வீட்டில் கிழக்கு அறை காலியாக இருக்கிறது. வெயில் நன்றாக வரும். நான் பேச்சுக் கொடுத்துத் தொல்லை செய்ய மாட்டேன், பேசினாலும் உங்களுக்குக் கேட்காது. வாடகை வேண்டுமென்றால் வாங்கிக்கொள்கிறேன், வேண்டாமென்றால் வேண்டாம்.

வாருங்கள் என்று ஒரு முறை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன். அறை அப்படியே இருக்கும்.

லவோன்


14 ஜனவரி 1996

லவோனுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. விண்ணப்பமும் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. கோபத்தில் போடாமல் இருந்தேன், பிறகு தேதி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை டவுனில் அந்தக் குடியிருப்புக்குப் போனேன். ஒரு பெண் மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்பினாள். பெயர், வயது, காது, இருதயம் எல்லாம் கேட்டாள். கேட்டுக் கேட்டுத் தாளில் எழுதியும் காட்டினாள். பொறுமைசாலி. கடைசியில், "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்? சொந்தக்காரங்க யாராச்சும்?" என்று எழுதிக் காட்டினாள்.

"யாரும் இல்ல" என்றேன்.

எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்தாள் போலிருக்கிறது. "சொந்தம்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு மறுபடி காட்டினாள். "இல்லம்மா" என்றேன். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பனி உருகும்வரை இயந்திரத்தை ஓடவிட்டேன். உருகிய பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லை நீ சொல்லவில்லை என்றுதான் ஐந்து மாதம் உன்னோடு பேசவில்லை. நான் சொல்லிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. உன்னிடம் என்ன கேட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

திரும்ப உள்ளே போய் அந்தக் கோட்டை அடிக்கச் சொல்லியிருக்கலாம். கதவு இருபது அடி தூரம்கூட இருக்காது. அந்தப் பெண் மாற்றி எழுதியிருப்பாள்.

நான் போகவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி அங்கே குடிபோகிறேன். கிழக்கு அறையை ஆட்டுக்குட்டிகளுக்கு வைத்துக்கொள், குளிர் அதிகமாக இருக்கும் என்கிறார்கள்.

நார்வல்